அடுக்ககப் பொது இடத்தில் தேனீ, பட்டாம்பூச்சி வரும் தோட்டம் போட என்ன நடலாம்?

முதலில் ஆவாரை வையுங்கள். சென்னை வெயிலிலும் தாங்கும். அதன் மஞ்சள் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப்பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியே வரும். கருவண்டு போலிருக்கும் தச்சுத்தேனீ பூவைக் கட்டிக்கொண்டு 'ர்ர்ர்' என்று உடம்பை அதிரவைக்கும். பொடி அப்படியே அதன் வயிற்றில் கொட்டும். காலையில் பக்கத்தில் நின்று பாருங்கள், அவ்வளவு அழகு!

தேனுக்குத் துளசியும் தும்பையும் போதும். அப்புறம், பட்டாம்பூச்சிக்குப் பூ மட்டும் போதாது, முட்டையிட இலையும் வேண்டும். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிக்கு எருக்கு, கருப்பு அழகி என்ற பட்டாம்பூச்சிக்குக் கறிவேப்பிலை. புழு இலையைத் தின்கிறதே என்று மருந்து அடித்துவிடாதீர்கள், அந்தப் புழுதான் பட்டாம்பூச்சி. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, அதனால் பிள்ளைகள் விளையாடும் பக்கம் வேண்டாம்.

உண்ணிச்செடியில் பட்டாம்பூச்சி மொய்க்கும்தான், ஆனால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளை அடைத்த களை. தவிர்த்துவிடுங்கள்.

தரை முழுக்க சிமெண்ட் போடாமல் ஒரு மூலையில் வெறும் மண்ணை விடுங்கள். நீலப்பட்டைத் தேனீ மண்ணில்தான் வளை தோண்டும்.