ஃபால்ட் (நிலத்தடிப் பாறைல இருக்குற பிளவு) மெதுவா நகர்ந்துட்டே இருந்தா பெரிய நிலநடுக்கம் வராதா?

கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்ல வீடு பார்க்குற ஒருத்தர் கேட்டிருக்கார்: தெருவோர சிமென்ட் கட்டை ஒரு இடத்துல விலகி நிக்குது, ஏஜென்ட்டைக் கேட்டா "ஹேவர்ட் ஃபால்ட் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துடுது, அழுத்தம் சேராது, பெருசா எதுவும் வராது"ங்கிறார், நம்பலாமா?

பாதி நம்பலாம். அந்த ஃபால்ட் மேல்மட்டத்துல வருஷத்துக்கு சுமார் 5 மி.மீ. நகருது, பெர்க்லி யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துக்கு நடுவுலயே போய் சுவரை எல்லாம் விரிசல் விட வச்சிருக்கு. ஆனா ரெண்டு பக்கத்து நிலமும் ஒண்ணை விட்டு ஒண்ணு நீண்டகால சராசரியில வருஷத்துக்கு 9 மி.மீ. போல நகரணும். மீதி எங்க? பல கிலோமீட்டர் கீழ பாறை இறுகிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, அங்க கடன் ஏறிட்டே இருக்கு, மேல நகர்றது வட்டியில கொஞ்சம் கட்டுற மாதிரிதான். கடைசியா பெரிய நிலநடுக்கமா அந்தக் கடனை மொத்தமா தீர்த்தது 1868 அக்டோபர் 21. ஃப்ரீமான்ட்லயே டைசன்ஸ் லகூன்ங்கிற குட்டையில குழி தோண்டிப் பார்த்ததுல 1,900 வருஷத்துல 12 பெரிய நடுக்கம் தெரிஞ்சுது, கணக்குப் போட்டுக்கோங்க.

இன்னொண்ணு, இந்த மாதிரி பக்கவாட்டுல நழுவுற ஃபால்ட் எதுவும் ஒரே நீளக் கோடா பிறக்கிறதில்ல. முதல்ல சின்னச் சின்ன துண்டுதான், ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி இருக்கும், நழுவ நழுவ நுனி நீண்டு பக்கத்துத் துண்டோட சேர்ந்து, லட்சக்கணக்கான வருஷத்துல வளைசல் குறைஞ்சு நேராகுது. கலிஃபோர்னியாவோட பெரிய ஃபால்ட்டான சான் ஆண்ட்ரியாஸ் அப்படி சுமார் 3 கோடி வருஷமா வளர்ந்து 1,200 கி.மீ. ஆனது, பின்னக்கிள்ஸ் தேசியப் பூங்காவுல இருக்குற எரிமலைப் பாறையோட மறுபாதி 300 கி.மீ.க்கு மேல தெற்க நீனாக்ங்கிற ஊர்ப்பக்கம் கிடக்கு! ஹேவர்ட் அதோட கிளைக்குடும்பம். வடக்க சான் பாப்லோ வளைகுடாவுக்கு அடியில ராட்ஜர்ஸ் கிரீக் ஃபால்ட்டோட இணைஞ்சிருக்குன்னு 2016ல காட்டினாங்க, ரெண்டும் ஒண்ணா கிழிஞ்சா நிலநடுக்கத்தோட அளவு 7.4 வரைக்கும் போகலாம். நீளம் கூடினா அளவும் கூடும், அதான் விஷயம்.

சரி, வீடு? ஆல்கிஸ்ட்-பிரியோலோன்னு 1972 சட்டம் இருக்கு, வீடு அந்த ஃபால்ட் ஸோனுக்குள்ள இருந்தா விக்கிறவர் சொல்லியே ஆகணும், மாநில ஜியாலஜி சர்வே மேப்பை நீங்களே ஆன்லைன்ல ஃப்ரீயா பார்க்கலாம். சட்டத்துக்கு முன்னாடி கட்டின வீடுன்னா ஃபால்ட் கோட்டு மேலயே உட்கார்ந்திருக்கலாம், அப்படி இருந்தா எனக்கு வேண்டாம், எவ்வளவு விலை குறைச்சாலும். கோட்டை விட்டுத் தள்ளி இருந்தா முக்கியமா குலுக்கல்தான், அது சான் பிரான்சிஸ்கோவைச் சுத்தியிருக்குற பே ஏரியா முழுக்க எல்லாருக்கும் உண்டு. பழைய மரவீடா இருந்தா அஸ்திவாரத்தோட போல்ட் போட்டிருக்காங்களான்னு இன்ஸ்பெக்டரை அடியில இறங்கிப் பார்க்கச் சொல்லுங்க. சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ்ல நிலநடுக்கம் வராது, தனியா எடுக்கணும், அந்த பிரீமியத்தையும் பட்ஜெட்ல சேர்த்துட்டு விலை பேசுங்க.