மூளைப் பயிற்சி ஆப் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு 51 வயது, சர்க்கரை இருக்கிறது. 78 வயது அம்மாவுக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய். நான்தான் கவனித்துக்கொள்கிறேன். எனக்கும் இது வந்துவிடுமோ என்று தூக்கமே வருவதில்லை. ஆன்லைனில் மூளைப் பயிற்சி ஆப் இருக்கிறது, சந்தா கட்டுகிறேன் என்கிறான் மகன். பலன் இருக்குமா?

– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, வயதான காலத்தில் அம்மாவுக்கு வந்தது உங்களுக்கும் வந்தே தீரும் என்று இல்லை. முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். உலக அளவில் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வழியுண்டு என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் கணக்கிட்டது. அதற்கு உங்கள் வயதுதான் சரியான நேரம்.

மகனை இப்போதே சந்தா கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆன்லைன் திட்டம் பயன்படாது என்பதல்ல காரணம். ஆஸ்திரேலியாவில் 55 முதல் 77 வயது வரையுள்ள ஆறாயிரம் பேரிடம் மூன்று வருடம் நடத்திய ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. முழுக்க ஆன்லைன்தான். ஆனால் அங்கே கொடுத்தது மூளைப் பயிற்சி மட்டுமல்ல. உடற்பயிற்சி, சாப்பாடு, மனநலம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வழிகாட்டினார்கள். வழிகாட்டல் பெற்றவர்களுடைய நினைவாற்றலும் சிந்தனைத் திறனும், வெறும் தகவல் மட்டும் படித்தவர்களைவிட நன்றாக முன்னேறின. அறுபத்தைந்து வயதுக்குள் இருந்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். டிமென்ஷியாவே குறைந்ததா என்பது பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

உங்களுக்கு அவசரமானது வேறு. சர்க்கரையோடு பிபி, எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு இரண்டையும் பாருங்கள். பிபியின் மேல் எண் 130-க்குள் இருப்பது நல்லது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்து, கீரை, சுண்டலைக் கூட்டுங்கள். அப்புறம், காது. டி.வி. சத்தத்தை நீங்கள் கூட்டிக் கூட்டி வைப்பதாக வீட்டில் யாராவது சொல்கிறார்களா? அப்படியானால் பரிசோதித்துவிடுங்கள். காது மந்தமும் டிமென்ஷியாவுக்கு ஒரு முக்கியக் காரணம். தேவைப்பட்டால் காது கேட்கும் மிஷின் வைத்துக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள்.

நாள் முழுக்க அம்மாவோடு வீட்டுக்குள்ளேயே இருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. தனிமை, மனச்சோர்வு இரண்டுமே டிமென்ஷியாவுக்கான காரணங்களின் பட்டியலில் உண்டு. சந்தா கட்டத் தயாராக இருக்கும் மகனிடம் பணத்துக்குப் பதிலாக நேரத்தைக் கேளுங்கள். தினமும் மாலை அரைமணி நேரம் அவர் பாட்டியோடு இருக்கட்டும். நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு வேகமாக நடந்துவிட்டு வாருங்கள்.

தூக்கமின்மை நீடித்தாலோ, இப்போதே மறதி இருப்பதாகத் தோன்றினாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். தைராய்டு, பி12 குறைபாட்டாலும் மறதி வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு.