விறகு காயாமல் வீடு காயாது

வாசகர் கேள்வி – பதில்

உறைபனி விழும் மாதங்கள் நெருங்குவதால், இந்த முறை நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கணப்பு அடுப்புக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கோத்தகிரி வாசகி: ஏப்ரலில் ஒரு பிக்கப் வண்டி நிறைய கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகு வாங்கி, தார்ப்பாய் போட்டு நன்றாக மூடி வைத்தோம். இப்போது எரித்தால் உஸ்ஸென்று சத்தம் வருகிறது. கட்டையின் முனையில் நுரை தள்ளுகிறது. அடுப்புக் கண்ணாடி ஒரே நாளில் கறுத்துவிடுகிறது, அறையோ சூடாவதே இல்லை. அடுப்பில் கோளாறா?

அடுப்பின் மேல் பழி போடாதீர்கள். முனையில் நுரை தள்ளினால் கட்டைக்குள் தண்ணீர் இருக்கிறது, வேறு சோதனையே தேவையில்லை. அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய விறகு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் வெப்பம் தரும் (மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்தான்). பச்சை விறகு அதில் பாதியைத் தந்தாலே அதிகம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சூடேறியதும் வாயுவாகக் கிளம்பிவிடும். அது எரிந்தால் சுடர், எரியாவிட்டால் புகை. ஈரக் கட்டை அடுப்பின் உட்புறத்தைக் குளிர வைப்பதால் வாயு பற்றாமலே வெளியேறி, கண்ணாடியில் கரியாகவும் குழாயில் தாராகவும் படிகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சூடுதான் அந்தக் கறுப்பு.

தவறு தார்ப்பாயில் நடந்திருக்கிறது. தரைவரை மூடினால் விறகு காயாது, புழுங்கும். கூரைபோல மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவிடுங்கள். அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்தி, காற்று ஊடாடும்படி ஒற்றை வரிசையாக அடுக்குங்கள். உருளைக் கட்டையாக வைத்தால் பட்டை ஈரத்தை வெளியே விடாது. 4 அங்குலத்துக்கு மேல் கனமுள்ள எதையும் பிளந்தாக வேண்டும். கற்பூர மரத்தைப் பச்சையிலேயே பிளந்துவிடுங்கள். காய்ந்தபின் அதன் முறுக்கு நார் கோடரியைக் கவ்விக்கொள்ளும். நீளம், அடுப்பின் உள்ளளவைவிட 2 அங்குலம் குறைவாக இருந்தால் போதும்.

மலையில் விறகு காய்வது ஜனவரியிலிருந்து மே வரை. ஏப்ரலில் வந்த விறகு காயத் தொடங்குவதற்குள் ஜூன் மழை பிடித்துக்கொண்டது. ஆகவே உங்களிடம் இருப்பது அடுத்த ஆண்டுக்கான விறகு. இந்த ஆண்டை ஓட்ட, தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்யும்போது வெட்டிய கிளைகளை (மிலாறு) காய்ந்ததாக வாங்கிக் கலந்து எரியுங்கள். ஒரு வாரத்துக்கான விறகை வீட்டுக்குள், அடுப்பிலிருந்து 3 அடி தள்ளி அடுக்கிவையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, காற்றைத் தாராளமாகத் திறந்துவையுங்கள்.

ஈரத்தை அளக்க ஒரு கட்டையைப் பிளந்து, உள்முகத்தில் ஈரமானியின் ஊசியைக் குத்த வேண்டும். வெளிப்பக்கம் எப்போதும் நல்லபிள்ளையாகத்தான் காட்டும். கருவி இல்லையென்றால் 500 கிராம் துண்டை 105 டிகிரி அவனில் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். 410 கிராமில் நின்றால் போனது 90 கிராம், அதாவது 18 சதவீதம். அதே கட்டைக்கு ஈரமானி 22 காட்டும்; அது காய்ந்த எடையை வைத்துக் கணக்கிடுகிறது. இரண்டும் சரியே.

எந்த மரம் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். சீகை (வாட்டில் மரம்) அருமையான விறகு. தேயிலைக் கட்டை நின்று எரியும். சில்வர் ஓக் சீக்கிரம் தீரும். பைன் எரித்தால் குழாயில் தார் படியும் என்பது பாதி உண்மை: பச்சைப் பைன் எரித்தால் படியும், பச்சைச் சீகை எரித்தாலும் படியும். மலையின் இயற்கைக் காடான சோலையின் மரங்களைத் தொடாதீர்கள். பட்டா நிலத்து மரமானாலும், மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புக்கான 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வாங்காமல் வெட்டக் கூடாது.

குன்னூர் வாசகர்: வெள்ளைக்காரர் காலத்து வீடு. திறந்த கணப்பு விறகைத் தின்கிறது, ஆனால் முகம் சுட்டாலும் முதுகு குளிர்கிறது. மூடிய இரும்பு அடுப்பு வாங்கி, அதன் குழாயைப் பழைய புகைபோக்கிக்குள் விட்டால் போதும் என்கிறார் கொத்தனார். சரிதானே?

அடுப்பு சரி, குழாய் தவறு.

திறந்த கணப்பில் விறகின் வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதம் அறைக்குக் கிடைத்தால் பெரிது. மீதி, அறையின் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கு வழியே குளிர்காற்று வருகிறது. உங்கள் முதுகில் படுவது அதுதான். நல்ல மூடிய அடுப்பு 65 முதல் 75 சதவீதம் தரும். 12க்கு 15 அடி அறை, 10 அடி உயரம் என்றால், மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட் வெப்பம் வேண்டும். மூடிய அடுப்பில் அதற்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் காய்ந்த விறகு, திறந்த கணப்பில் 6 கிலோ.

இப்போது குழாய். பழைய புகைபோக்கியின் உள்ளளவு 9க்கு 14 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 126 சதுர அங்குலம். அடுப்பின் 6 அங்குலக் குழாய்க்கு வெறும் 28. குறுகிய குழாயிலிருந்து அந்தப் பெரிய பொந்துக்குள் வரும் புகை வேகம் குறைந்து குளிர்ந்துவிடும். 120 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தார் படியத் தொடங்கும். ஒருநாள் அந்தத் தாரே பற்றிக்கொள்ளும். சூடு 1000 டிகிரியையும் தாண்டக்கூடும். செங்கல் வெடித்து, நெருப்பு கூரைச் சட்டத்துக்குப் போகும்.

ஆகவே 6 அங்குல எவர்சில்வர் குழாயைப் புகைபோக்கியின் உச்சிவரை கொண்டுபோங்கள். அடியில் சுற்றியுள்ள இடைவெளியைத் தகடும் ராக்வூலும் (தீப்பிடிக்காத பஞ்சு) வைத்து அடையுங்கள். அடுப்பிலிருந்து உச்சிவரை 15 அடியாவது இருக்க வேண்டும். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடி, 10 அடி தூரத்துக்குள் உள்ள முகடு, மேல்மாடி எதைவிடவும் 2 அடி உயர்ந்திருக்கட்டும். அறைக்குள் தெரியும் குழாய்க்கு 2 மில்லிமீட்டர் கறுப்பு இரும்புத் தகடு போதும். ஜி.ஐ. குழாய் வேண்டவே வேண்டாம், சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு நச்சுப்புகை விடும். இணைப்புகளில் மேல்குழாயின் முனை கீழ்க்குழாய்க்குள் இறங்க வேண்டும். புகை மேலேதானே போகிறது என்று தலைகீழாக மாட்டுபவர்கள் அதிகம். அப்புறம் தார் இணைப்பு வழியே சுவரில் வழியும். மொட்டைமாடி மழைநீர்க் குழாயை நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

மரச்சுவர், மரச்சாமான் எல்லாம் அடுப்பிலிருந்து 3 அடி தள்ளி. பலகைத் தரையானால் அடுப்புக் கதவுக்கு முன்னால் ஒன்றரை அடிவரை கடப்பாக் கல் பதியுங்கள்.

லவ்டேல் வாசகி: பற்றவைக்கும்போது மட்டும் புகை அறைக்குள் திரும்புகிறது.

பனிமூட்டத்தில் குழாய்க்குள் குளிர்ந்த காற்று தக்கைபோல அடைத்து நிற்கும். குழாயின் அடிவாயில் ஒரு தாள் நாளிதழைச் சுருட்டி எரித்தால் அது நகரும். அப்புறம், பெரிய கட்டை அடியில், சிறியது அதன் மேல், சுள்ளியும் சிராயும் உச்சியில் என்று அடுக்கி, மேலிருந்து கொளுத்துங்கள். கீழிருந்து வரும் வாயு சுடரைக் கடந்துதான் போக வேண்டியிருப்பதால் புகை குறையும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். சமையலறைச் சிம்னி ஓடுகிறதா என்றும் பாருங்கள். அதன் மின்விசிறி வீட்டுக் காற்றை இழுத்தால், கணப்புப் புகை அந்தப் பக்கம்தான் வரும்.

கொடைக்கானல் வாசகர்: ஹோம்ஸ்டே நடத்துகிறேன். விறகு பிளக்க ஆள் கிடைப்பதில்லை. பெல்லட் அடுப்பு வாங்கலாமா?

பெல்லட் என்பது மரத்தூள் போன்றவற்றை அழுத்திச் செய்த சிறு குச்சி. அதை எரிக்கும் அடுப்பு ஒரு குட்டி இயந்திரம். மேலே பெல்லட் தொட்டி. அடியில் திருகு ஒன்று சுழன்று எரிகிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும். சூடேறும் மின்கம்பி பற்றவைக்கும், ஒரு விசிறி புகையைத் தள்ளும், இன்னொன்று சூட்டை அறைக்குள் ஊதும். வெப்பத்தில் 85 சதவீதம் வரை அறைக்கு வரும். முன்பு சொன்ன அளவு அறைக்கு மணிக்கு முக்கால் கிலோ பெல்லட் போதும்.

சிக்கல் எரிபொருளில். நம் ஊரில் விற்கும் பெல்லட்டில் பெரும்பகுதி தொழிற்சாலைக் கொதிகலனுக்கானது, நிலக்கடலைத் தோலும் வேளாண் கழிவும் கலந்தது. அதன் சாம்பல் அதிகம், சூட்டில் உருகிக் கல்லாக இறுகி எரிகிண்ணத்தின் காற்றுத் துளைகளை அடைக்கும். சுத்தமான மரத்தூள், 6 மில்லிமீட்டர், ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே, சாம்பல் ஒரு சதவீதத்துக்குக் கீழே என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டால் நல்ல பெல்லட் மூழ்கும். மிதந்தால் இறுக்கம் போதவில்லை.

ஈரம் பட்டால் பெல்லட் ஊதித் தூளாகித் திருகில் சிக்கும். உங்கள் ஊர் மூடுபனிக்குத் திறந்த மூட்டை ஆகாது. நாலு நாள் அறை காலியென்றால் தொட்டியையும் காலி செய்யுங்கள்.

மின்சாரம் போனால் விசிறி நிற்கும், புகை திரும்பும். பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு 300 முதல் 400 வாட், ஓடும்போது 100 வாட்டுக்குள். 150 ஏ.எச். பேட்டரி ஓர் இரவைத் தாங்கும், ஆனால் இன்வெர்ட்டர் சைன்வேவ் வகையாக இருக்க வேண்டும். 7,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பொருத்துபவர் விசிறி வேகத்தை அதற்கேற்ப மாற்றாவிட்டால் சுடர் சோம்பலாகச் சிவந்து ஆடும், கரி படியும்.

ஒரு பருவத்துக்கான நல்ல பெல்லட்டை முன்கூட்டியே வாங்கி ஈரமில்லாமல் வைக்க இடமிருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் கூடத்துக்கு ஒரு மூடிய விறகு அடுப்பு வைத்து, பிளந்து காய்ந்த விறகாகவே கூடுதல் விலை கொடுத்து வாங்குவது மேல்.

ஊட்டி வாசகர்: இரவில் காற்றுத் திறப்பை முழுக்க மூடினால் கங்கு காலைவரை இருக்கிறது. நல்லதுதானே? படுக்கையறையில் கரிச்சட்டி வைக்கலாமா?

இரண்டுக்கும் இல்லை. காற்றை அடைத்துப் புழுங்கவிட்டால் இரவெல்லாம் தார்தான் உற்பத்தி. கரிச்சட்டி, பார்பெக்யூ அடுப்பு எதுவும் அறைக்குள் வரக் கூடாது. கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, புகையும் தெரியாது, தூங்குபவர் எழுவதில்லை. காலையில் தலைவலித்து வெளியே போனதும் சரியானால், அன்றே குழாயைச் சோதியுங்கள். கணப்புள்ள வீட்டில் பேட்டரியில் இயங்கும் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம்.

பூம்பாறை விவசாயி: கணப்புச் சாம்பலைப் பூண்டுக்குப் போடலாமா?

போடலாம், சதுர மீட்டருக்கு 100 கிராமுக்கு மிகாமல். சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாஷும் உண்டு, புளித்த மண்ணுக்கு உதவும். யூரியா போடும் அன்றே போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போகும். உருளைக்கிழங்குப் பாத்தியில் வேண்டாம், சொறி நோய்க்கு இடம் கொடுக்கும். புளிப்பு மண்ணை விரும்பும் தேயிலைக்கும் ஆகாது. வண்ணம் பூசிய பலகையோ பிளைவுட்டோ எரித்த சாம்பலை எந்தப் பயிருக்கும் போடாதீர்கள். அள்ளிய சாம்பலைச் சாக்கில் கட்டி விறகுக் கொட்டகையில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே புதைந்த கங்கு மூன்று நான்கு நாள்கூட உயிரோடு கிடக்கும். மூடியுள்ள தகர வாளியில் போட்டு, வெட்டவெளியில் கல்லின் மேல் ஒரு வாரம் வைத்த பிறகு பாத்திக்கு எடுத்துப்போங்கள்.