பெயரை அழித்துவிட்டால் அனுப்பலாமா?

கேள்வி: கொழும்பில் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். மார்பகப் புற்றுநோயாளர்களின் பயொப்சி விவரங்கள் எங்களிடம் எக்செல் கோப்பில் இருக்கின்றன. சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகம் கூட்டு ஆய்வுக்காக அதைக் கேட்கிறது. "பெயரை எடுத்துவிட்டு ஈமெயிலில் அனுப்பு" என்கிறார் சேர். நாளைக்குப் பிரச்சினை வந்தால் நான் மாட்டுவேனா?

பதில்: இப்போதைக்கு அனுப்பாதீர்கள்.

முதலில் அந்தக் கோப்பைத் திறந்து, பெயர் தவிர மற்ற நிரல்களில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெட் ஹெட் டிக்கெட் (வார்டில் நோயாளிக்கு வைக்கும் சிகிச்சைப் பதிவு) இலக்கம் இருக்கிறதா? அடையாள அட்டை இலக்கம்? அந்த இலக்கத்திலேயே பிறந்த ஆண்டு, நாள், ஆணா பெண்ணா எல்லாம் இருக்கிறது. சரி, அதையும் அழித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மன்னார், வயது 31, அபூர்வமான வகைக் கட்டி என்று ஒரு வரி இருந்தால், அது யார் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இன்னொன்று, பெயருக்குப் பதிலாகக் குறியீடு போட்டாலும், எந்தக் குறியீடு எந்த நோயாளிக்கு என்ற பட்டியல் உங்கள் அலுமாரியில் இருக்கும்வரை நீங்கள் செய்திருப்பது பெயரை மறைத்தது மட்டும்தான், சட்டத்தின் கண்ணில் அது இன்னமும் தனிப்பட்ட தரவுதான்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவையும் மரபணுத் தரவையும் விசேட வகையாக வைத்திருக்கிறது, வெளிநாட்டுக்குப் போகும் தரவுக்குத் தனி நிபந்தனைகளும் உண்டு. பலர் கவனிக்காத ஒரு விஷயம், இறந்தவர்களின் தரவும் இதில் அடக்கம், ஆகவே "ஆள்தான் இல்லையே" என்ற பேச்சு எடுபடாது. 2025 மார்ச் 18 அன்று நடைமுறைக்கு வரவிருந்த முக்கியப் பகுதிகள் தள்ளிப்போனது உண்மைதான். அதை நம்பி அனுப்பச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் நோயாளியின் இரகசியம் காப்பதும் எதிக்ஸ் கமிட்டியின் (ஆய்வுகளின் அறநெறியைப் பரிசீலிக்கும் குழுவின்) அனுமதியும் இந்தச் சட்டத்துக்கு முன்பே இருந்த கடமைகள்.

உங்கள் விஷயத்தில் உண்மையில் பதில் சொல்லப்போவது நோயாளிகள் கையெழுத்திட்ட சம்மதப் படிவம். அதில் "வேறு நிறுவனங்களுடன் பகிரப்படலாம்" என்று இருக்கிறதா, நோயாளிக்குத் தெரிந்த மொழியில் இருந்ததா? "சிகிச்சைக்காக" என்று மட்டும் இருந்தால், எதிக்ஸ் கமிட்டிக்குத் திருத்த விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும். அப்புறம் இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே எழுத்தில் தரவுப் பகிர்வு ஒப்பந்தம்: எதற்குப் பயன்படுத்தலாம், மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கலாமா, நோயாளி விலகினால் அவருடைய வரியை யார் அழிப்பது, எப்போது எல்லாவற்றையும் அழிப்பது. கையெழுத்து நிறுவனத்துடையது, சேருடையது அல்ல. "நான் சேர்த்த மாதிரிகள்தானே" என்று அவர் சொல்லக்கூடும். அமெரிக்காவில் வில்லியம் கட்டலோனா என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, தாம் சேர்த்த நோயாளிகளின் திசு, இரத்த மாதிரிகளையும் கொண்டுபோகப் பார்த்தார். 2007இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அவை பழைய பல்கலைக்கழகத்துக்கே சொந்தம் என்றது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் சேருக்குக் காட்டலாம்.

நீங்கள் மாட்டுவீர்களா என்றால், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் தண்டப்பணம், ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு கோடி ரூபாய் வரை, தரவைக் கட்டுப்படுத்தும் நிறுவனத்தை நோக்கியது. ஆனால் ஈமெயில் போனது உங்கள் கணக்கிலிருந்து. உள்விசாரணை என்று வந்தால் "அனுப்பச் சொன்னார்" என்ற வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. அதனால் இன்றே சேருக்கு மரியாதையாக ஒரு ஈமெயில் போடுங்கள்: "எதிக்ஸ் அனுமதி இலக்கமும் ஒப்பந்தப் பிரதியும் கிடைத்ததும் அனுப்பிவிடுகிறேன், சேர்." கோபப்பட்டாலும் பரவாயில்லை, அந்த ஈமெயிலை அழிக்காமல் வைத்திருங்கள்.