நீலம் ஏறிய பேரிங்

அன்புள்ள ஐயா,

உப்புவெளியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பழகுகிறேன். நெல் மில் ஒன்றின் ஷாஃப்டில் புதுப் பேரிங் இறங்காததால், உள்வளையத்தைக் காஸ் சுவாலையில் காட்டிச் சூடாக்கிப் போட்டோம். வளையம் நீலமாகிவிட்டது. சில வாரத்திலேயே சத்தம் வருகிறது. மறுபடி சிவக்கக் காய்ச்சி ஒயிலில் அமிழ்த்தினால் பழைய உறுதி வருமா?

வாசகர் ஒருவர், திருகோணமலை

அன்புள்ள தம்பி,

வராது, அதைக் கழற்றிப் புதிது போடுங்கள்.

பேரிங் உருக்கில் ஏறக்குறைய 1 வீதம் காபனும் 1.5 வீதம் குரோமியமும் இருக்கும். 840 பாகை செல்சியஸ் அளவில் காய்ச்சும்போது இரும்பு ஒஸ்டினைற் என்ற அமைப்புக்கு மாறி, காபனில் பெரும்பகுதியைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். அப்படியே ஒயிலில் அமிழ்த்தினால் காபனுக்கு வெளியேற நேரமே கிடைக்காது, இரும்பு அதைச் சிறைவைத்தபடி மார்ட்டென்சைற்றாக மாறிவிடும், கடினம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்த நிலையில் சட்டென்று வெடிக்கும், ஆகவே 150 முதல் 180 பாகையில் வைத்து டெம்பர் பண்ணுவார்கள், அதாவது மிதமாகச் சூடாக்கி அந்த வெடிக்கும் தன்மையைக் குறைப்பார்கள். அதற்குப் பிறகும் ராக்வெல் சி என்ற கடின அளவுகோலில் 60ஐ ஒட்டியோ தாண்டியோ நிற்கும்.

நீலம் ஏறுவது 300 பாகைக்குக் கிட்ட. சுவாலையில் நீங்கள் செய்தது இன்னொரு டெம்பர், அதுவும் மிகக் கூடின சூட்டில். சிறைப்பட்ட காபன் இரும்போடு சேர்ந்து காபைட் என்ற நுண்துகள்களாகப் பிரிந்து, கடினம் 50களுக்கு இறங்கியிருக்கும். அதோடு, குளிர்விக்கும்போது மாறாமல் கொஞ்சம் ஒஸ்டினைற் மிஞ்சியிருக்குமே, அதுவும் இந்தச் சூட்டில் சிதைந்து வளையத்தை நுண்ணளவில் பெருக்கும், ஷாஃப்டில் பிடிப்புத் தளரும். குண்டுகள் ஓடும் பாதை மென்மையாகியும் பிடிப்புத் தளர்ந்தும் போனால் சத்தம் வராமல் என்ன செய்யும்?

திரும்பக் காய்ச்சலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். திறந்த நெருப்பில் மேற்பரப்புக் காபன் எரிந்துபோகும், வளையமும் கோணும், மைக்ரோன் கணக்கில் அரைத்தெடுத்த வட்டத்தைப் பட்டறையில் மீட்க முடியாது.

அடுத்த முறை ஒயில் தொட்டியில், அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்து 110 பாகையோடு நிறுத்துங்கள். 50 மில்லிமீற்றர் உள்விட்டம் 80 பாகை ஏறினாலே கிட்டத்தட்ட 0.05 மில்லிமீற்றர் விரியும், பெரும்பாலும் அதுவே போதும். கிறீஸ் அடைத்து மூடி வரும் வகையென்றால் தொட்டி வேண்டாம், மின்காந்தத்தால் சூடாக்கும் இண்டக்ஷன் ஹீட்டர் வைத்திருப்பவரிடம் கொண்டுபோங்கள், அங்கேயும் 80 பாகைக்கு மேலே போகவேண்டாம்.

அப்புறம், மில்காரரிடம் இப்போதே உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அறுவடை நேரத்தில் பேரிங் இறுகி நின்றால் ஷாஃப்டும் சேர்ந்து பழுதாகும்.