நாயகி வராத நாடகம்

அன்புள்ள ஐயா,

நியூயார்க் போயிருந்தபோது ஆசை ஆசையாக ஒரு பிராட்வே மியூசிக்கலுக்கு டிக்கெட் எடுத்தேன். கையேட்டைத் திறந்தால் ஒரு துண்டுச் சீட்டு: இன்று நாயகியாக நடிப்பவர் வேறொருவர். பெரிய ஏமாற்றம். போதாததற்குக் காதைக் கிழிக்கும் சத்தம், பக்கத்தில் போனை நோண்டும் ஆள். பேசிக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று பாடுவதை எப்படி ரசிக்கிறீர்கள்? இதற்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாதா?

கே.

அன்புள்ள கே.,

போன் நோண்டியவரை நான் திருத்த முடியாது. சத்தம் உண்மைதான், அடுத்த முறை ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி உட்காருங்கள். திடீரென்று ஏன் பாடுகிறார்கள் என்பது தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர் கேட்கிற கேள்வியா?

ஆனால் அந்தத் துண்டுச் சீட்டு விஷயத்தில் உங்களை விடுவதாக இல்லை. கொஞ்ச நாளாக நானும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன், சரியாக வந்து மாட்டிக்கொண்டீர்கள். 'வேறொருவர்' என்கிறீர்களே, அவர் பெயர் என்ன? சீட்டில் அச்சடித்துத்தானே கொடுத்தார்கள்? மாலை முழுக்க உங்களுக்காகப் பாடி ஆடியவரின் பெயரைக்கூடப் படிக்காமல் என்ன ஏமாற்றம் வேண்டிக்கிடக்கிறது?

பிராட்வேயில் வழக்கமாக வாரத்துக்கு 8 காட்சிகள். எல்லாவற்றையும் ஒரே தொண்டை, ஒரே கணுக்கால் தாங்குமா? அதற்குத்தான் அண்டர்ஸ்டடிகள் என்ற மாற்று நடிகர்கள். பெரும்பாலும் அவர்கள் தினமும் ஏதோ சின்ன வேடத்தில் வந்துபோய்க்கொண்டே பெரிய வேடத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ஸ்விங்குகள் என்று இன்னொரு வகை மாற்று நடிகர்கள். அவர்களுக்கு அந்தச் சின்ன வேடமும் கிடையாது. பல பேருடைய பாட்டு, ஆட்டம், யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் திரும்புவது என அத்தனையையும் மண்டைக்குள் ஏற்றிக்கொண்டு மேடைக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும்.

2021 டிசம்பரில் 'தி மியூசிக் மேன்' என்ற பிராட்வே நாடகத்தின் நாயகி சட்டன் ஃபாஸ்டரால் மேடையேற முடியவில்லை. கேத்தி வோய்ட்கோ என்ற ஸ்விங்குக்குப் பகல் 12 மணிக்குத் தகவல் போகிறது. 1 மணிக்கு அந்த வேடத்தில் அவருக்கு முதல் ஒத்திகை. அன்று இரவே அவர்தான் நாயகி. எட்டு வேடங்களில் எதைக் கொடுத்திருந்தாலும் செய்திருப்பார் என்று நாடகத்தின் நாயகன் ஹியூ ஜாக்மேன் காட்சி முடிந்ததும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். இது ஒன்றும் புதுசு இல்லை. 1954-ல் 'தி பஜாமா கேம்' நாடகத்தில் கரோல் ஹேனிக்குக் காலில் அடிபட்டதால் மேடையேறிய அண்டர்ஸ்டடிதான் பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமான ஷெர்லி மெக்லைன். அங்கே பார்த்துத்தான் அவரைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனார்கள்.

லண்டனில் நான் பார்த்த ஒரு நாடகத்தில் இடைவேளைக்கு அப்புறம் நாயகி மாறிவிட்டார். அறிவிப்பு வந்ததும் அரங்கு முழுக்க 'ச்சே'. நான் முன்வரிசை ஓரத்தில் இருந்தேன். கூட்டமாக ஆடும் ஓரிடத்தில் அந்தப் பெண், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அரை நொடி தயங்கினார். பக்கத்தில் ஆடியவர் முகத்தில் சிரிப்பு மாறாமல் அவர் முழங்கையில் இரண்டு விரலை வைத்துத் திருப்பிவிட்டார். தாளம் தப்பவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சினிமாவாக இருந்தால் எடிட்டர் அதை வெட்டி எறிந்திருப்பார். நான் காசு கொடுத்து நாடகத்துக்குப் போவதே அந்த இரண்டு விரலுக்காகத்தான் ஐயா!

சரி, பணம். நாடகத்தின் தலைப்புக்கு மேலே பெயர் போட்ட நட்சத்திரம் வராவிட்டால் பொதுவாகத் திருப்பிக் கொடுப்பார்கள். அதையும் காட்சி தொடங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஊர் திரும்பி எனக்குக் கடிதம் போட்டால் யார் தருவார்கள்?