உப்புக் காற்றும் கொம்பியூட்டரும்: திருகோணமலை வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மாரி தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகள் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். ஓன் ஆகாத பெட்டி, கோடு விழும் பிரிண்டர், நின்றுபோன யூபிஎஸ் (கரண்ட் போனால் பற்றரியில் ஓடவைக்கும் பெட்டி). பலருக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கும் பதில், "புதுசு வாங்குங்கோ" அல்லது "போர்மட் அடிக்கவேணும்" (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவது). இரண்டுக்கும் முன்னால் பார்க்கவேண்டியவை உண்டு.

வீடு கடற்கரையோடு. கொம்பியூட்டரை ஓன் பண்ணினால் ஃபேன் சுத்துது, பீப் பீப் எண்டு சத்தம் வருது, திரை கறுப்பு. மதர்போர்ட் போயிற்று என்கிறார்கள். உண்மையா? (அலஸ்தோட்டம்)

எல்லாப் பாகங்களும் பூட்டப்படும் பெரிய பலகைதான் மதர்போர்ட். அதற்குக் காசு கட்டமுன், அதில் குத்தியிருக்கும் சிறு நினைவகப் பட்டையான ராமைக் கழற்றிப் பாருங்கள். போன மாரியில் நிலாவெளிப் பக்கமிருந்து இதே குறையோடு ஒரு பெட்டி வந்தது. பக்கத் தகட்டின் திருகாணிகள் துருவேறி இறுகிப்போயிருந்தன. உள்ளே ராமின் கீழ் விளிம்பில் பொன்னிறப் பற்கள் மினுங்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் படிவு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். அந்த ஈரம் தொடுமுனைகளை மெல்ல மெல்ல அரிக்கும்.

பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, இரு பக்கக் கொக்கிகளையும் விலக்கி ராமை எடுங்கள். பென்சில் அழிறப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்து, தூளைத் தூரிகையால் தட்டிவிட்டு, 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்திப் பூட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நிலாவெளிப் பெட்டிக்கு இதுவே போதுமாக இருந்தது.

இனிமேல் பொலித்தீனால் மூடிவைக்க வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கும். நிறுத்திச் சூடு ஆறியபின் பருத்தித் துணி போடுங்கள். பாவிக்காத காலத்திலும் வாரத்தில் இரண்டு மூன்று தரம் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டால் உட்சூட்டில் ஈரம் காயும்.

எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று வருகிறது. போனில் எல்லாம் நன்றாகத் திறக்கிறது. (உப்புவெளி)

திரையின் வலது மூலையில் திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னுக்கு நிற்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தளமும் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கொம்பியூட்டரின் நாள் அதற்கு வெளியே இருந்தால் பிரவுசர் மறுத்துவிடும். திகதியைத் திருத்துங்கள். நேர வலயத்தில் கொழும்பைத் தேடாதீர்கள், விண்டோஸ் பட்டியலில் நமக்குரியது 'சிறி ஜயவர்த்தனபுர'. பிளக்கைக் கழற்றி மாட்டியதும் திகதி மறுபடி பின்னுக்குப் போனால், மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் பற்றரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர் 2032 என்ற இலக்கம்தான். மணிக்கூட்டுக் கடையிலேயே கிடைக்கும்.

பாமினியில் அடித்த பழைய வினாத்தாள்கள் புது லப்டொப்பில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. எல்லாம் அழிந்துவிட்டனவா? (கிண்ணியா, ஆசிரியர்)

ஒரு எழுத்தும் அழியவில்லை, சேர். பாமினி, ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டர் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்தையே காட்டும். பாமினியை நிறுவுங்கள், தாள் பழையபடி தெரியும்.

ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பாமினியிலேயே கிடந்தால், வருடக்கணக்கில் நீங்கள் சேர்த்த வினாக்களைத் தேட முடியாது, பிள்ளைகளின் போனுக்கு அனுப்பினால் வாசிக்க முடியாது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி இலக்கம் கொடுக்கும் பொது முறையான யுனிகோடில் தமிழுக்கு 1991 முதலே தனி இடம் இருக்கிறது. பாமினியை யுனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்: இடையில் வந்த உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிக் குழப்பியிருக்கும். மூலப் பைலை அழிக்க வேண்டாம். விரல் பாமினிக்குப் பழகிவிட்டதே என்ற கவலையும் வேண்டாம். அதே விசை ஒழுங்கில் தட்ட, யுனிகோட் எழுத்து விழச்செய்யும் மென்பொருள்கள் உண்டு.

இரண்டு மாதம் மட்டக்களப்பில் நின்றுவிட்டு வந்தோம். இங்க்ஜெட் பிரிண்டரில் வெள்ளைக் கோடு விழுகிறது. பத்துத் தரம் ஹெட் கிளீனிங் செய்தும் சரிவரவில்லை. (பாலையூற்று)

பதினோராவது தரம் செய்யாதீர்கள். ஒவ்வொரு கிளீனிங்கும் மையை உறிஞ்சி அடியிலுள்ள பஞ்சில் கொட்டுகிறது. அது நிரம்பினால் பிரிண்டரே அடிக்க மறுக்கும். நொசில் செக் (மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனைத் தாள்) ஒன்று எடுங்கள். இரண்டு மூன்று கிளீனிங்கில் கோடு குறையாவிட்டால் நிறுத்தி, இரவு முழுக்க விட்டு, காலையில் மறுபடி பாருங்கள். காய்ந்த மை ஊறி, பல தடவை தானே இளகிவிடும். வாரம் ஒரு நிறப் பக்கம் அடித்தால் இந்தத் தொல்லை வராது. மாதத்துக்கு நாலு தாள்தான், அதுவும் கறுப்பில்தான் என்றால், அடுத்த முறை லேசர் வாங்குங்கள். டொனர் தூள், காய்ந்து அடைக்காது.

அடிக்கக் கொடுத்த தாள் வரிசையில் நிற்கிறது. அழிக்கவும் முடியவில்லை. (தம்பலகாமம்)

பிரிண்டரை நிறுத்துங்கள். ஸ்டார்ட்டில் 'சேர்விசஸ்' என்று தேடித் திறந்து, 'பிரிண்ட் ஸ்பூலர்' (தாள்களை வரிசையில் வைத்து அனுப்பும் பகுதி) மேல் வலது கிளிக், 'ஸ்டொப்'. பிறகு விண்டோஸ் போல்டருக்குள் சிஸ்டம் 32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். அங்கிருக்கும் பைல்களை மட்டும் அழியுங்கள், போல்டரை அல்ல. ஸ்பூலரைத் திரும்ப 'ஸ்டார்ட்' கொடுங்கள்.

லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டலாமா? (சாம்பல்தீவு)

கூடாது. தாளில் டொனரை உருக்கி ஒட்டும் உருளை சூடேறும்போது நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும். வீட்டு யூபிஎஸ் அதைத் தாங்காது. சுவர்ப் பிளக்கில் மாட்டுங்கள். இடி முழங்கும் நேரம் அதையும் கழற்றுங்கள், செப்புத் தொலைபேசி வயரில் இணையம் எடுப்பவர்கள் அந்த வயரையும் ரவுட்டரிலிருந்து கழற்றுங்கள்.

வெளி ஹார்ட் டிஸ்க்கைக் குத்தினால் 'டிக் டிக்' என்று சத்தம், படங்கள் திறக்கவில்லை. மகளின் கல்யாணப் படம் அதில்தான். 'போர்மட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்கிறது. (மூதூர்)

'வேண்டாம்' என்று கொடுத்துவிட்டு உடனே கழற்றுங்கள், அம்மா. அந்தச் சத்தம் உள்ளே வாசிக்கும் ஊசி இடம் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வது. பக்கத்து வீட்டுக் கொம்பியூட்டரிலும் போட்டுப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறை சுற்றும்போதும் உள்ளே படங்கள் பதிந்திருக்கும் தட்டு கீறுப்படலாம், கீறுப்பட்ட இடத்துப் படம் யாருக்கும் மீளாது. வீட்டில் திறக்கவும் கூடாது, ஒரு தூசி போதும் கெடுக்க. மீட்பு வேலை மட்டும் செய்பவர்களிடம் காட்டுங்கள். படம் பிடித்தவரிடம் பிரதி இருக்கிறதா என்றும் இன்றைக்கே கேளுங்கள், அதுதான் எல்லாவற்றிலும் மலிவான வழி. மூதூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவதென்றால் துணியில் சுற்றி, பையை பஸ்ஸின் மேல் தட்டில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.